வெளியே தெரிந்த பெற்றோல்

மோட்டார் சைக்கிளுக்குப் பெரிய பெற்றோல் தாங்கி பொருத்துவது தனியொரு தொழில் என்றால் இன்றைக்கு ஒருவரும் நம்பமாட்டார்கள்; யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு வருசம் எனக்கு அதுதான் தொழில்.

கையில் வெறும் போத்தலோடு பெற்றோல் செட் வாசலில் நின்று, முன்னால் மூன்று பேர் மட்டும் இருக்கும்போது 'முடிந்துவிட்டது' என்ற பலகை தொங்கக் கண்டவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. அந்தக் காலத்தில் எங்களுக்குப் பசியும் தூரமும் போத்தல் கணக்கில்தான் இருந்தன.

சோனக தெருவுக்குத் திரும்பும் வளைவில் எங்கள் பட்டறை இருந்தது. எங்கள் என்றால் நானும் நசீர் நானாவும்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தகரமும் ஈயமும் அவருடைய கை. எஞ்சினும் வயரும் என்னுடைய கை. எண்பத்து மூன்றில் தொடங்கி ஏழு வருசம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்தோம். கடைசி நாளில் அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரு பொய் சொன்னேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எந்தத் தாங்கியைப் பற்றிப் பொய் சொன்னேனோ அந்தத் தாங்கியின் கதையைச் சொல்லாமல் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சவுதிப் பெட்டகம்

குருநகர் மரியதாஸ் அண்ணை நண்டு வியாபாரி. விடிய வெளிக்கிட்டு, பருத்தித்துறையைத் தாண்டி, கிழக்குக் கரை மணலுக்குள்ளால் ஊர் ஊராகப் போய் நண்டு வாங்கி, வெயில் ஏறமுதல் யாழ்ப்பாண ரவுணுக்குக் கொண்டுவந்துவிடவேண்டும். அந்த மணலில் சாதாரண வண்டி அரை மைலுக்கு மேல் போகாது. அவரிடம் இருந்தது உயரமான, பல்லுப் பல்லான ரயர் போட்ட ட்ரெயில் வண்டி. மணலில் அது ஆடு மாதிரிப் பாயும். பெற்றோலையும் அதற்கேற்ற மாதிரிக் குடிக்கும். அதன் தாங்கியோ எட்டே போத்தல்தான் கொள்ளும். எட்டுப் போத்தலோடு போய்ச் சேரலாம். திரும்பி வருவது கர்த்தருடைய சித்தம்.

சவுதியில் இருந்த தன் தம்பிக்கு அவர் கடிதம் எழுதினார்: பெரிய தாங்கி ஒன்று அனுப்பு. எந்த வண்டிக்கு என்று எழுத மறந்துவிட்டார். எண்பத்து நாலில் ஒரு நாள், படங்குத் துணியில் சுற்றிய பெரிய பொதி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். அவிழ்த்தால், பால்போல வெள்ளையாக ஒரு பிளாஸ்ரிக் தாங்கி. இருபத்து நாலு போத்தல் கொள்ளும். வேறேதோ வண்டிக்கு உரியது. தூக்கி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம். மூடியைத் திறந்து நானா கம்பியை விட்டுத் துழாவினார். ஒன்றன்பின் ஒன்றாக ஏழு வாசச் சவர்க்காரம், காலுறைக்குள் சுருட்டிய ஒரு கைக்கடிகாரம், மரியதாஸ் அண்ணையின் மனைவி பிலோமினாவுக்கு ஒரு செண்டுப் போத்தல். எட்டாவது சவர்க்காரம் மட்டும் உள்ளே குறுக்காக மாட்டிக்கொண்டது. அதைக் கரைத்து எடுக்க வெந்நீர் ஊற்றி இரண்டு பகல் உருட்டினோம். பட்டறை முழுக்கக் கலியாண வீட்டு வாசம். வாளி வாளியாக நுரையைக் கவிழ்த்துக் களைத்துப்போன நானா நிமிர்ந்து சொன்னார்:

"மரியதாஸ், உம்முடைய தம்பி பெற்றோல் ராங்கி அனுப்பேல்லை, பெட்டகம் அனுப்பியிருக்கிறார்."

எந்தப் பக்கம்?

வேறு வண்டியின் தாங்கியைப் பொருத்துவது வேறொருவர் சட்டையைப் போடுவது போல அல்ல, வேறொருவர் பல்லுக்கட்டைப் போடுவது போல. முதலில் மட்டையை வெட்டி, வண்டியின் முதுகுச் சட்டத்துக்கு அளவு எடுத்தோம். ஹோர்னைக் கழற்றிக் கீழே இறக்கினோம். இருக்கையின் முன்பக்கத்தை நாலு விரல் அறுத்து மறுபடி தைத்தோம். பழைய ரியூப்பை வெட்டி, தாங்கி உரசும் இடத்திலெல்லாம் மெத்தையாக வைத்தோம். நானா இரும்புப் பட்டியில் இரண்டு காது செய்து பொருத்தினார். மூன்றாம் நாள் பின்னேரம் அது வண்டியில் இறங்கி உட்கார்ந்தபோது எனக்குப் புல்லரித்தது. வண்டியை விடத் தாங்கி அழகாக இருந்தது. இப்போது நினைத்தாலும் அந்த வெள்ளை என் கண்ணுக்குள் நிற்கிறது.

ஒரு குறை இருந்தது. பெரிய தாங்கி குதிரைச் சேணம் மாதிரி, சட்டத்தின் இரண்டு பக்கமும் தொங்கும். பெற்றோல் வெளியே வரும் வழி இடப்பக்கம் மட்டுமே. வலப்பக்கம் தேங்கிய இரண்டு போத்தல் தானாக இடம் மாறாது. வண்டி நின்றுபோனால் இடப்பக்கம் சரித்துப் படுக்கவைக்கவேண்டும். அப்போது அது கரை தாண்டி வழிந்து வரும். "இதை வடிவாய்ச் சொல்லிவிடு" என்று நானா என்னிடம் சொன்னார். நானும் சொன்னேன். "நிண்டால் சரிச்சுவிடுங்கோ அண்ணை" என்றேன். பக்கத்தைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? வேலையின் அழகில் மயங்கி நின்றவனுக்கு அதன் குறையை முழுதாகச் சொல்ல வாய் வரவில்லை என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அடுத்த கிழமை மணலின் நடுவில் வண்டி நின்றிருக்கிறது. பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு கடகம் நிறைய நண்டு. மரியதாஸ் அண்ணை வலப்பக்கம் சரித்தார். அந்தப் பக்கக் கடகம் கவிழ்ந்து நண்டெல்லாம் கடலைப் பார்த்து ஓடின. நிமிர்த்தி உதைத்தார், வண்டி கிளம்பவில்லை. பிறகு இடப்பக்கம் சரித்தார். மற்றக் கடகமும் கவிழ்ந்தது. வண்டி ஒரே உதையில் கிளம்பியது. மத்தியானம் பட்டறை வாசலில் வந்து நின்று, வெறும் கடகம் இரண்டையும் எங்களுக்கு முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்:

"பெற்றோல் வந்திட்டுது, நண்டு போயிட்டுது."

மூன்று விரல்

வெள்ளைத் தாங்கியில் இன்னொரு குணம் இருந்தது. அதை நாங்கள் குணமென்றுதான் முதலில் நினைத்தோம். வெளிச்சத்தில் நிறுத்தினால் உள்ளே பெற்றோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். மூடியைத் திறக்கத் தேவையில்லை, குச்சி விடத் தேவையில்லை. மரியதாஸ் அண்ணை பெருமையாகத் தட்டித் தட்டிக் காட்டினார்.

ஒரு மாதத்தில் அந்தப் பெருமை போய்விட்டது. எங்கள் ஊர்வழிகளில் பெற்றோல் தட்டுப்பாடு வரும்போதெல்லாம், இருக்கிறவன் இல்லையென்று சொல்வதும், கேட்டவன் அதை நம்பியதுபோல் திரும்பிப் போவதும் ஒரு மரியாதை. இரண்டு பேருக்கும் முகம் மிஞ்சும். மரியதாஸ் அண்ணைக்கு அந்த மரியாதை இல்லாமல் போனது. வல்வெட்டித்துறையில் மச்சான் முறையான ஒருவர் ஒரு போத்தல் எடுத்தார். பருத்தித்துறையில் ஐஸ் வியாபாரி ஒன்றரை எடுத்தார். குருநகரில் பின்னேரப் பூசை முடிந்து வருகிறவர்கள் வண்டியைச் சுற்றி நின்று தாங்கியில் விரலை வைத்து அளந்தார்கள். "மூண்டு விரல் கிடக்கு அண்ணை, ஒரு விரல் தந்தால் என்ன?" பாவம், பெற்றோலை விரலில் அளந்தது உலகத்திலேயே அந்த வண்டியில் மட்டுமாகத்தான் இருக்கும்.

கடைசியில் பங்குச் சுவாமியாரே வந்தார். சிற்றாலயத்துக்குப் பூசைக்குப் போகவேண்டும், வண்டியில் துளி இல்லை. மரியதாஸ் அண்ணை பழக்கதோசத்தில் "இல்லைச் சுவாமி" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான், பின்னேர வெயில் தாங்கிக்குள்ளால் அடித்து உள்ளே பாதிவரை செந்நிறமாக நிற்பதைக் கண்டார். சுவாமியாரும் கண்டார். அவர் கோபிக்கவில்லை. போத்தலை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"மரியதாஸ், பாவத்தைச் சொல்லுற பாவசங்கீர்த்தனத் தொட்டியிலைகூட இவ்வளவு வெளிச்சம் இல்லை."

பெரிய வெள்ளி

மறுநாளே அவர் வண்டியை எங்களிடம் கொண்டுவந்தார். "இதை மறையுங்கோ. கறுப்போ பச்சையோ, எனக்கு ஒண்டும் தெரியப்படாது." நான் பெயின்ற் அடித்தேன். நல்ல பெயின்ற், இரண்டு பூச்சு. பத்து நாளில் அது கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி, அம்மாள் வருத்தம் வந்த முகம் மாதிரி ஆகிவிட்டது. பெற்றோல் ஆவி அந்தப் பிளாஸ்ரிக்கினூடாகக் கண்ணுக்குத் தெரியாமல் கசியும் என்பது எனக்குத் தெரியாது. உரித்துவிட்டு மறுபடி அடித்தேன். மறுபடி பொங்கியது. தொழில் தெரிந்தவன் என்று என்னை நானே நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

நானாதான் வழி சொன்னார்: துணியில் உறை தைத்துப் போடுங்கள். தையல் பிலோமினா அக்காவின் கை. வீட்டில் அளவாகக் கிடந்தது ஊதாத் துணி ஒன்றுதான். பெரிய வெள்ளிக்கு முந்திய தவசு காலத்தில் கோவில் சுருவங்களை, அதாவது சிலைகளை, மூடத் தைத்ததில் மிஞ்சியது. அக்கா அழகாகத் தைத்திருந்தார். அடியில் நாடா, மூடிக்கு வட்டமாக ஒரு துளை. நானா பட்டறை வாசலில் குந்தியிருந்து, ஒரு சுருக்கும் விழாமல் இழுத்து முடிச்சுப் போட்டார். வண்டி அதே பின்னேரம் குருநகருக்குள் நுழைந்தது. கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த ஒரு மனுசி எழும்பிச் சிலுவை போட்டுவிட்டுக் கேட்டாவாம்:

"பெரிய வெள்ளி முடிஞ்சு ரெண்டு மாசம், நீங்கள் இன்னும் சுருவத்தைத் திறக்கேல்லையோ?"

சின்னனாய்த் தெரியவேணும்

வெள்ளைத் தாங்கியின் புகழ் பரவியது. உறை போட்ட பிறகு இன்னும் பரவியது; உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததால் இருபத்து நாலு போத்தல் நாற்பதாகி, நாற்பது ஐம்பதாகியது. ஆட்கள் எங்களிடம் பெரிய தாங்கி கேட்டு வரத் தொடங்கினார்கள். சவுதித் தம்பி எல்லோருக்கும் இல்லை. ஆகவே நானா தகரத்தில் அடித்தார், நான் பொருத்தினேன். தகரத்தை மடித்து, விளிம்பு சேர்த்து, ஈயம் ஓடவிட்டு, தண்ணீர் நிறைத்து ஓர் இரவு வைப்போம். விடியத் தரையில் ஈரம் இல்லையென்றால் நானா தாங்கியை ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி ஒருக்கால் தடவுவார். அந்த நாலைந்து வருசம்தான் என் வாழ்க்கையில் நல்ல காலம். வெளியே என்னென்னவோ நடந்தது; நாட்டில் எத்தனையோ மாறியது. பட்டறைக்குள் தகரத்தில் சுத்தியல் விழும் சத்தத்தில் எங்களுக்குப் பாதி கேட்கவில்லை. கேட்கவில்லையா, கேட்க விரும்பவில்லையா என்று இப்போது யோசிக்கிறேன்.

பண்டத்தரிப்பிலிருந்து தங்கராசா என்று ஒரு கமக்காரர் வந்தார். வன்னியில் வயல். போய்வரப் பெரிய தாங்கி வேண்டும். நானா சுவரில் மாட்டியிருந்த மூன்று மட்டை அளவுகளைக் காட்டினார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஒன்று பெரிது, ஒன்று சின்னது, மற்றது பெரிதாகத் தெரிகிறது. அரை மணித்தியாலம் எங்களைச் சுற்றவைத்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வாசலைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"எனக்குப் பெரிசாயும் இருக்கவேணும், பாக்கிறவைக்குச் சின்னனாயும் தெரியவேணும்."

அப்படியே செய்தும் கொடுத்தோம். இருக்கைக்குக் கீழே ஒளித்து, பின்னால் நீட்டி. அதன் பிறகு வந்தவர்களில் பாதிப் பேர் அந்த மாதிரியைத்தான் கேட்டார்கள்.

பிலோமினா அக்காவின் சொல்

எண்பத்து ஒன்பதில் மரியதாஸ் அண்ணைக்கு முதுகு விட்டுவிட்டது. மணல் ஓட்டம் இனி இல்லை என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஊருக்குள் ஓட என்னுடைய சின்ன வண்டி அவருக்குப் போதும். அந்தப் பெரிய வண்டியில் எனக்கு ஐந்து வருச ஆசை. மாற்றிக்கொண்டோம். உறையையும் சேர்த்துத் தந்தார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு வெளிக்கிடும்போது அக்கா படலைவரை வந்து, சிரித்துக்கொண்டுதான் சொன்னா:

"தம்பி, உந்தப் பெற்றோலை மூடி வைச்சால் நிம்மதி இருக்கும், ஆனா ஆக்களை முகம் பாத்துக் கதைக்கேலாது."

நாலு போத்தல்

அடுத்த வருசம் சண்டை மறுபடி தொடங்கி, பெற்றோல் அடியோடு நின்றது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. என்னுடைய வெள்ளைத் தாங்கியில் ஒன்பது போத்தல் நல்ல பெற்றோல் மிஞ்சியிருந்தது. நான் வண்டியை ஓட்டுவதை நிறுத்தி, பட்டறையின் உள்சுவரோடு சாத்தி, உறையைக் கட்டி வைத்தேன். மனைவிக்கு ஏழாம் மாதம். வீடு உரும்பிராயில், ஆஸ்பத்திரி ரவுணில். நேரம் வந்தால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கமுடியாது என்று கணக்குப் போட்டேன். நானாவுக்கும் அதைச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, அப்போது ஊரை ஆண்ட இயக்கத்தின் ஒலிபெருக்கி கட்டிய வாகனம் ஒன்று சோனக தெருப் பக்கம் சுற்றியது. முஸ்லிம் ஆட்கள் எல்லோரும் மைதானத்துக்கு வரவேண்டுமாம். நானா கையில் இருந்த சுத்தியலை வைத்துவிட்டுப் போனார். நான் வேலையைத் தொடர்ந்தேன். பதினொரு மணிபோல் திரும்பி வந்தார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ரெண்டு மணித்தியாலமாம் தம்பி. ஊரை விட்டுப் போகட்டாம்."

"எந்த ஊரை நானா?" என்று கேட்டேன். எவ்வளவு மடைத்தனமான கேள்வி.

"இதைத்தான்."

நான் எழும்பினேன். அவர் தொடர்ந்து கதைத்தார்.

"உடுப்பும் கைச்செலவுக்குக் கொஞ்சமும்தான் கொண்டுபோகலாமாம். அது கிடக்கட்டும். மாமிதான் பிரச்சினை. ஒரு பக்கம் இழுத்துக் கிடக்கிறவ, லொறிக்குள்ளை நெரிபட ஏலாது. பக்கத்து வீட்டு மாஸ்ரர் தன்ரை கார் தாறன் எண்டுறார். அதுக்கை துளி பெற்றோல் இல்லை. நாலு போத்தல் இருந்தால் மாமியைப் படுக்கவைச்சுக் கரைவரைக்கும் கொண்டுபோய் வள்ளத்திலை ஏத்தலாம். உன்ரை வண்டியிலை கிடக்கோ?"

நாலு போத்தல்தான் கேட்டார். ஒன்பது இருந்தது. ஐந்து எனக்கு மிஞ்சும். உரும்பிராயிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு போத்தலே போதும். இந்தக் கணக்கு எனக்கு அந்த நிமிசமே தெரியும், கணக்கில் பிழை விடவில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"இல்லை நானா. போன கிழமையே முடிஞ்சுது."

அவர் உள்ளே வந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஏழு வருசம் நின்ற இடத்தைக் கடைசியாக ஒருக்கால் பார்க்கத்தான் என்று நினைக்கிறேன். வெளியே திரும்பும்போது வண்டியில் கை ஊன்றினார். வண்டி சற்று ஆடியது. உறைக்குள் பெற்றோல் 'களக்' என்றது. சின்னச் சத்தம்தான். பட்டறையில் வேறு சத்தம் இல்லை. இரண்டு பேருக்கும் கேட்டது.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. உறையின் நாடா ஒரு பக்கம் தளர்ந்து, கீழே கை அகலத்துக்கு வெள்ளை தெரிந்துகொண்டிருந்தது. குனிந்து, அதை இழுத்து, தன் வழக்கப்படி ஒரு சுருக்கும் விழாமல் முடிச்சுப் போட்டார். நிமிர்ந்து, என் தோளில் தட்டிவிட்டுச் சொன்னார்:

"ஓம் தம்பி, இல்லைத்தான்."

மாமியைக் கதிரையோடு தூக்கி நாலு பேர் லொறியில் ஏற்றியதாக அந்த மாஸ்ரர் பிறகு சொன்னார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது. என் மனைவி பிரசவத்துக்கு ஒரு கிழமை முந்தியே மினிபஸ்ஸில் போய், ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்த சித்தி வீட்டில் தங்கிவிட்டாள். மகள் சுகமாகப் பிறந்தாள். அந்த ஒன்பது போத்தலில் ஒரு துளியும் அதற்குத் தேவைப்படவில்லை. பட்டறைக்கு வந்த மண்ணெண்ணெய் வண்டிகளைக் கிளப்ப, மூடி மூடியாக ஊற்றி, ஒன்றரை வருசத்தில் முடித்தேன். தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி, ஊரோடு நாங்களும் வெளிக்கிட்டபோது வண்டியைச் சுவரோடு விட்டுவிட்டு நடந்தேன். நானா புத்தளத்தில் தகர வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டேன், முகவரியும் கிடைத்தது. போகவில்லை.

பயத்தில் சொன்னேனா? ஒரு முஸ்லிம் குடும்பத்துக்கு உதவினான் என்று யாராவது குறித்துவைப்பார்கள் என்ற பயமா? மனைவியை நினைத்தா? அல்லது இருக்கிறவன் இல்லையென்று சொல்கிற அந்தப் பழைய ஊர்ப் பழக்கம்தானா? ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு காரணம் எனக்குச் சரியென்று படுகிறது.

எந்த வண்டிக்கும் தாங்கியைப் பெரிதாக்க எனக்கு மூன்று நாள் போதும், ஆனால் அதற்குள் இருக்கிற ஒன்பது போத்தலில் நாலை ஊற்றிக் கொடுக்கிற வேலை மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.